ஒரு ரிங்... கட்! - மிஸ்டு காலும் ஒரு ஃபார்வர்டும் என் சித்தியைப் படுத்திய பாடு

கோவளம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சித்திக்குச் சின்னதா ஒரு டிபன் கடை. ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்கு வர்ற கூட்டத்தை நம்பி ஓடுற கடை. போன மாசம் ஒருநாள் காலை வடை போட்டுட்டு இருந்தப்போ போன் ஒரே ஒரு ரிங் அடிச்சு நின்னுடுச்சு. எடுத்துப் பார்த்தா ‘+’ போட்ட நம்பர். சித்தி பையன் துபாயில் ஏ.சி மெக்கானிக். வேற யார் கூப்பிடப் போறாங்க? திருப்பி அடிச்சாங்க. எதிர்முனையில் ஏதோ மியூசிக், அப்புறம் புரியாத பாஷையில் ஒரு பொண்ணு குரல். ‘தம்பி... தம்பி’ன்னு கத்திப் பார்த்துட்டு வெச்சிட்டாங்க. மெயின் பேலன்ஸில் இருந்த நாற்பத்திச் சொச்சம் ரூபாய் காலி.

நாற்பது ரூபாய்தானேன்னு நினைக்கிறீங்களா? கதை அதுக்கப்புறம்தான் இருக்கு.

இந்த மோசடிக்கு ‘வன்கிரி’ன்னு பேர். ஜப்பானிய மொழியில் ‘ஒரு ரிங், கட்’னு அர்த்தம். 2000-களின் தொடக்கத்தில் ஜப்பானில் பிரபலமாகி உலகம் முழுக்கப் பரவினது. வெளிநாட்டுக்கு நீங்க பேசுற ஒவ்வொரு நிமிஷத்துக்கும், உங்க கம்பெனி அந்த நாட்டு நெட்வொர்க்குக்குக் கட்டணம் கொடுக்கணும். சில நாடுகளுக்கும் சில பிரீமியம் நம்பர்களுக்கும் அந்தக் கட்டணம் ரொம்ப அதிகம். மோசடிக்காரங்க அப்படிப்பட்ட நம்பர்களை வாடகைக்கு எடுத்து, வர்ற காசில் பங்கு வாங்கிக்கிறாங்க. கம்ப்யூட்டர் வெச்சு ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரு ரிங் விட்டு கட் பண்ணிடுவாங்க. நீங்க எடுக்காததால் அவங்களுக்குப் பைசா செலவில்லை. நீங்க திருப்பிக் கூப்பிட்டு லைனில் இருக்கிற ஒவ்வொரு நொடியும் அவங்களுக்கு வருமானம். அந்த மியூசிக் உங்களைப் பிடிச்சு வைக்கத்தான்.

ப்ரீபெய்டுன்னா பேலன்ஸோடு போச்சு. ஐ.எஸ்.டி திறந்து வெச்சிருக்கிற போஸ்ட்பெய்டுன்னா மாசக் கடைசி பில்லில்தான் தெரியும். 2025 ஜனவரியில் ஜியோவே தன் வாடிக்கையாளர்களுக்கு இதைப் பத்தி எச்சரிக்கை அனுப்பினது. இன்னொண்ணு, +1-ன்னா அமெரிக்கான்னு நம்பிடாதீங்க. +1 876 ஜமைக்கா, +1 473 கிரெனடா.

சரி, சித்தி கதைக்கு வருவோம். அன்னைக்குச் சாயங்காலமே குடும்ப குரூப்பில் ஒரு ஃபார்வர்டு. ‘+375, +371, +381, +563, +370, +255-ல் ஆரம்பிக்கும் கால் வந்தால் எடுக்காதீர்கள். 3 விநாடியில் உங்கள் கான்டாக்ட் லிஸ்ட், பேங்க் விவரம் எல்லாம் காப்பி ஆகிவிடும். #90, #09 அழுத்தினால் சிம் க்ளோன் ஆகிவிடும். அனைவருக்கும் பகிருங்கள்.’ பெலாரஸ், லாட்வியா, செர்பியான்னு நாட்டுப் பேரெல்லாம் வேற.

காலையில்தான் காசு போயிருக்கு, சித்தி நம்பாம இருப்பாங்களா? அன்னையிலிருந்து ‘+’ போட்டு எது வந்தாலும் எடுக்கலை. தம்பி துபாயில் ரூம் மாறி, புது சிம் போட்டு, காய்ச்சலோடு ரெண்டு நாள் +971-லிருந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கான். மூணாவது நாள் எனக்கு போன் பண்ணி, ‘அம்மாவுக்கு என்னக்கா ஆச்சு?’ன்னு கேட்டப்போதான் விஷயமே தெரிஞ்சது.

அந்த ஃபார்வர்டை உட்கார்ந்து பிரிச்சுப் பார்த்தேன். +375 பெலாரஸ், +371 லாட்வியா, +381 செர்பியா. இதெல்லாம் சரி. ஆனா +563-ன்னு ஒரு நாட்டுக் குறியீடே கிடையாது. 56 என்பது சிலி. சாதாரண வாய்ஸ் காலில் குரல்தான் போகும். எடுத்துப் பேசுறதால மட்டும் கான்டாக்ட் லிஸ்ட்டோ, பேங்க் விவரமோ வெளியே போயிடாது. #90 கதைக்கு மட்டும் பழைய வேர் ஒண்ணு இருக்கு. அமெரிக்காவில் சில ஆபீஸ்களின் உள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், 9-0-# அழுத்தினா வெளியாள் அந்த ஆபீஸ் செலவில் பேச முடிஞ்சது. உங்க செல்போனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. பாதி உண்மை கலந்திருக்கிறதாலதான் இந்த மெசேஜ் வருஷக்கணக்கா சாகாம சுத்துது.

எல்லா ஃபார்வர்டும் பொய்னு ஒதுக்கவும் முடியாது, அங்கதான் சிக்கல். ‘*401* போட்டு இந்த நம்பரை டயல் பண்ணாதீங்க’ன்னு ஒரு மெசேஜ் வந்திருக்கும். பார்க்க #90 மாதிரியே இருக்கும், ஆனா நிஜம். கூரியர் பையன், நெட்வொர்க் ஆளுன்னு பேசி இதை டயல் பண்ண வெப்பாங்க. உங்களுக்கு வர்ற கால் எல்லாம் அவங்களுக்குத் திரும்பிடும், குரலில் சொல்லப்படுற ஓ.டி.பி உட்பட. இதனாலதான் *401# முறையில் கால் ஃபார்வர்டு செய்யும் வசதியை 2024 ஏப்ரல் 15-லிருந்து நிறுத்தச் சொன்னது மத்திய தொலைத்தொடர்புத் துறை. சந்தேகமா இருந்தா *#21# போட்டுப் பாருங்க, ஃபார்வர்டு ஆகியிருந்தா தெரியும். ##002# போட்டா எல்லாமே ரத்து.

2023 மே மாசம் +84, +62, +251-னு வாட்ஸ்அப்பில் வந்து குவிஞ்ச மிஸ்டு கால்கள் ஞாபகம் இருக்கா? அது வேற வகை. வாட்ஸ்அப் காலைத் திருப்பி அடிச்சா டேட்டாவைத் தவிர எதுவும் போகாது. ‘பார்ட் டைம் வேலை’ன்னு பேச்சு கொடுக்கிறதுக்கான தூண்டில் அது.

எச்சரிக்கை மெசேஜை நம்பி அனுப்பினா என்ன குறைஞ்சிடும்னு பலரும் கேட்கிறாங்க. 2018 மே மாதம், நம்ம பல்லாவரத்திலிருந்து ஒரு குடும்பம் போளூர் பக்கம் கோயிலுக்கு காரில் போனது. வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார் அந்த வீட்டு மூதாட்டி. அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க ‘குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கு, உஷார்’னு வாட்ஸ்அப் மெசேஜ் சுத்திக்கிட்டு இருந்த நேரம். ஊரே கூடி அடிச்சதில் அவர் இறந்துபோனார். அந்த மெசேஜை அனுப்பினவங்களும் ‘நல்லதுக்குத்தானே’ன்னுதான் நினைச்சிருப்பாங்க. நாடு முழுக்க இப்படி நடந்த கொலைகளுக்குப் பிறகு, அதே ஆண்டு ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு மெசேஜை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

மெசேஜில் தேதி இருக்கா, யார் சொன்னதுன்னு இருக்கான்னு முதலில் பாருங்க. ‘நேற்று’ன்னு மட்டும் இருந்தா அது எந்த வருஷத்து நேற்றோ! முக்கியமான ஒரு வரியை அப்படியே கூகுளில் போட்டாலே பாதி சாயம் வெளுத்துடும். தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம், பி.ஐ.பி ஃபேக்ட் செக், யூடர்ன் பக்கங்களில் பெரும்பாலும் விடை கிடைக்கும். மோசடி காலைப் புகார் செய்ய சஞ்சார் சாத்தி தளத்தில் ‘சக்ஷு’ பகுதி இருக்கு. காசே போயிடுச்சுன்னா தாமதிக்காம 1930.

சித்தி இப்போ தம்பிகிட்ட ஒரு ஏற்பாடு பண்ணியிருக்காங்க. புது நம்பரிலிருந்து கூப்பிடுறதுன்னா, முதலில் வாட்ஸ்அப்பில் அவன் குரலில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வரணும். நேத்து ராத்திரி எனக்கும் சித்திகிட்ட இருந்து ஒரு ஃபார்வர்டு வந்தது. கீழே தனியா டைப் பண்ணியிருந்தாங்க: ‘இது நெசமாடி? பாத்து சொல்லு, அப்புறம் அனுப்புறேன்.’