களை என்று களையலாமா?

பல்கலைக்கழக வளாகத்தை அழகுபடுத்துவது நல்ல செயல்தான். ஆனால் புல்தரையும் ரோஜாப் பாத்தியும் மட்டுமே அழகு என்றும், மதிலோரத்தில் தானாக முளைத்து நிற்பவை எல்லாம் குப்பை என்றும் எண்ணும் போக்கு நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. மண்வெட்டியும் பூச்சிமருந்தும் முதலில் செல்வது அந்த மதிலோரத்திற்கே. இது தவறு என்பது என் கருத்து. அதற்குச் சான்றாக ஒரு சிறிய ஈயைக் காட்ட விரும்புகிறேன்.

மாசி, பங்குனி மாதங்களில் இந்த வடபுலத்தில் பட்டாணி இலையையும் கடுகு இலையையும் பாருங்கள். வெண்மையான கோடு ஒன்று வளைந்து வளைந்து செல்வது தெரியும். கிள்ளினால் பால் வடியும், மஞ்சள் பூப் பூக்கும் சாலையோரக் களை ஒன்றிலும் அதே கோட்டைக் காணலாம். பலர் அதனை நோய் என்று கருதுகின்றனர். உண்மையில் அது ஒரு புழு சென்ற வழி. இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவே உள்ள ஈ, இலையின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. பொரித்து வரும் புழு, இரு தோல்களுக்கும் நடுவே உள்ள பசுஞ்சதையைத் தின்றுகொண்டே செல்கிறது. புழு வளர வளரக் கோடும் அகலமாகிறது. ஆண் ஈக்கோ இலையைத் துளைக்கும் ஆற்றல் இல்லை. பெண் ஈ துளைத்த இடத்தில் ஊறும் சாற்றையே அதுவும் உண்டு வாழ்கிறது.

அக்ரோமைசிடே என்னும் இந்த ஈக்குடும்பத்தில் ஏறத்தாழ 3,000 இனங்கள் அறியப்பட்டுள்ளன. பட்டாணியையும் கடுகையும் களையையும் ஒருங்கே உண்ணும் ஈயைப் போன்றவை அவற்றுள் மிகச் சிலவே. பெரும்பாலானவை ஒரு செடியையோ, அதன் நெருங்கிய உறவுச் செடிகளையோ விட்டு வேறொன்றை நாடுவதில்லை. அந்தச் செடி ஓரிடத்தில் அழிந்தால் அந்த ஈயும் அங்கே அழியும். ஆகவே, செடியை அறியாதவன் ஈயை அறிய முடியாது. ஆக்ராவின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி 1973இல் இந்தியாவின் அக்ரோமைசிடே ஈக்களைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டது. நம்மைப் போன்ற மாணவர்கள் பயிலும் ஒரு கல்லூரியிலிருந்து அது வந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஈ இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று நண்பர்கள் கேட்கலாம். அந்த ஈயை நம்பி வாழும் குளவிகளும் உண்டு. டிக்லிபஸ் என்னும் குளவி எள்ளளவே இருக்கும். அது இலைத்தோலின் வழியே புழுவைக் கொட்டிச் செயலற்றதாக்கி, அதன் அருகே முட்டையிடும். குளவியின் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளரும். மேல்நாடுகளில் கண்ணாடி வீட்டுப் பயிர்களைக் காக்க இக்குளவியை வளர்த்து விலைக்கு விற்கிறார்கள். களைச்செடி நிற்கும் இடத்தில் இத்தகைய குளவிகள் விலையின்றி வளரும்.

மருந்து தெளித்தால் நடப்பது என்ன? புழு இலைத்தோலுக்குள் ஒளிந்திருக்கிறது. குளவியோ வெளியே திரிகிறது. முதலில் மடிவது குளவியே. கலிபோர்னியாவில் தக்காளித் தோட்டத்தில் மெத்தோமில் என்னும் மருந்தைத் தெளித்ததும், இலை துளைக்கும் ஈ குறையாமல் பெருகியது என்பதை 1976இல் ஆய்வாளர்கள் எழுதினர். காவலரைக் கொன்றுவிட்டுத் திருடனைத் தேடுவது எவ்வகை அறிவு?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு; அதையும் மறைக்கலாகாது. களைச்செடிகளில் பயிரைக் கெடுக்கும் ஈயும் வளரத்தான் செய்கிறது. 1990களின் தொடக்கத்தில் இந்தியாவில் காணப்பட்ட அமெரிக்க ஈ, ஆமணக்கு, தக்காளி, அவரை, பூசணி எனப் பலவற்றைத் தாக்கியது, களைகளிலும் தங்கியது. எனவே உழவன் தன் வயலில் களை எடுப்பதை நான் குறை கூறவில்லை. அது அவன் பிழைப்பு. ஆனால் நம் விடுதி மதிலோரத்தில் எந்தப் பயிர் விளைகிறது? அங்கே நாம் காப்பது வெறும் பார்வைக்கான ஒழுங்கு ஒன்றைத்தான். அதற்காக இத்தனை உயிர்களை விலையாகக் கொடுப்பது தகாது.

ஊரை விட்டு வந்த நமக்கு இங்குள்ள செடிகள் எல்லாம் அயலானவை போலத் தோன்றும். ஆனால் குளிர்காலத்தில் வடநாட்டார் விரும்பி உண்ணும் 'பதுவா' நம் சக்கரவர்த்திக் கீரையே அன்றோ! கோதுமை வயலில் அதற்கும் களை என்றுதான் பெயர். பெயர் தெரியாத வரையில் எல்லாம் களைதான். பெயர் தெரிந்தபின் பிடுங்கக் கை தயங்கும்.

ஆகவே நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பேச்சுப்போட்டி நடத்துகிறோம், நல்லது. இவ்வாண்டு மதிலோரத்தில் பத்தடி அகலமுள்ள ஒரு பகுதியையேனும் வெட்டாமலும் மருந்து தெளிக்காமலும் விட்டுவைக்குமாறு வளாக அலுவலர்களைக் கேட்போம். அங்கு முளைக்கும் செடிகளுக்குத் தமிழ்ப் பெயரும் இவ்வூர்ப் பெயரும் எழுதி வைப்போம். தாவரவியல் மாணவர் செடியைச் சொல்லட்டும். விலங்கியல் மாணவர் ஈயைச் சொல்லட்டும். தமிழ் பயிலும் நாம் இருவரிடமும் கேட்டு எழுதுவோம். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. வேண்டுவது மண்வெட்டியைச் சிறிது நேரம் கீழே வைக்கும் மனம் மட்டுமே.