புகையைத் தின்னும் சுவரும் தெருவின் ஈரமும்

வாகனப் புகையைத் தின்றுவிடும் பெயின்ட், காற்றைச் சுத்தப்படுத்தும் நடைபாதைக் கல் என்று உலகெங்கும் விற்கிறார்கள். இவற்றில் கலந்திருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடின் திறமை பொய்யல்ல. 1972இல் ஜப்பானின் அகிரா ஃபுஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும் இந்த ஆக்சைடின் மீது ஒளி பாய்ச்சித் தண்ணீரைப் பிளந்து காட்டினார்கள். ரோமில் 2003இல் திறக்கப்பட்ட, ரிச்சர்ட் மையர் வடிவமைத்த தேவாலயத்தின் வெள்ளைக் கான்கிரீட்டிலும் இதுதான் இருக்கிறது. ஆய்வகத்தில் கிடைத்த எண்ணை அப்படியே தெருவுக்கும் பொருத்தி விற்பதுதான் தவறு.

புற ஊதாக் கதிர் பட்டதும் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற இந்த ஒளிவினையூக்கிக்குள் ஓர் எலக்ட்ரான் விடுபடுகிறது. அது இருந்த இடத்தில் ஒரு மின்துளை உண்டாகிறது. இவ்விரண்டும் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் வெகு முன்பே மறுபடி சேர்ந்து வீணாகிவிடும். வீணாகாமல் இருக்க, பரப்பில் ஏற்கெனவே ஒரு மூலக்கூறு ஒட்டிக் காத்திருக்க வேண்டும். அந்த ஒட்டுதலே பரப்புக்கவர்தல். படிகத்தின் மேற்பரப்பில் ஆக்சிஜன் அணு விடுபட்டுப்போன காலியிடங்கள் உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே வந்து பற்றிக்கொண்டு எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. மின்துளையோ, ஒட்டியிருக்கும் நீரிலிருந்து வீரியமிக்க ஹைட்ராக்சில் துகளை உண்டாக்குகிறது. நச்சு வாயுவைச் சிதைப்பவை இவைதான்.

ஆகவே நீராவி கொஞ்சம் வேண்டும். அளவு மீறினால் அதே நீர் படலமாகப் படிந்து இடத்தை எல்லாம் அடைத்துக்கொள்ளும். வாகனப் புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடுக்கு ஒட்ட இடமிருக்காது. ஒட்டிய வாயுவும் ஒரே தாவலில் மறைவதில்லை. முதலில் நைட்ரஜன் டை ஆக்சைடாகிறது, பிறகுதான் நைட்ரேட்டாகிறது. அந்த நைட்ரேட்டும் மழை கழுவும்வரை பரப்பிலேயே உட்கார்ந்திருக்கும். இடம் அடைபட்ட சுவரில் வினை பாதியில் நின்று, நைட்ரிக் ஆக்சைடைவிடக் கெடுதலான நைட்ரஜன் டை ஆக்சைடு வெளியேறவும் கூடும். 'நைட்ரிக் ஆக்சைடு இத்தனை சதவீதம் குறைந்தது' என்ற விளம்பரம் இதைச் சொல்வதில்லை.

ஐஎஸ்ஓ 22197-1 என்ற தரச் சோதனையில் மாதிரிப் பலகை ஒரு சிறு பெட்டிக்குள் வைக்கப்படுகிறது. வெப்பநிலை 25 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம், நைட்ரிக் ஆக்சைடு பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சாதாரணத் தெருக் காற்றில் இருப்பதைவிட இது பல மடங்கு அதிகம். வாயு பலகையை உரசியபடியே செல்லும். தெருவிலோ புகையின் பெரும்பகுதி சுவரைத் தொடாமலே காற்றோடு போய்விடுகிறது.

பிரஸ்ஸல்ஸ் நகரின் லியோபோல்ட் சுரங்கச் சாலையில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சுவருக்கு இந்தப் பூச்சைப் பூசி, புற ஊதா விளக்கும் பொருத்திப் பார்த்தார்கள். நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைந்திருந்தாலும் அது 2 சதவீதத்துக்கு மேல் இராது என்பதே முடிவு. அதிக ஈரப்பதம், வேகமான காற்று, அழுக்கேறிச் செயலிழந்த பரப்பு, போதாத ஒளி ஆகியவையே காரணம் என்றார்கள். பிரிட்டிஷ் அரசின் காற்றுத்தர நிபுணர் குழுவும், இத்தகைய பூச்சுகளைப் பரவலாகப் பூசினால் நகரக் காற்று மேம்படும் என்பதற்குச் சான்று மிகக் குறைவு என்று 2016இல் அறிக்கை தந்தது.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வெயிலுக்குக் குறைவில்லை. ஈரப்பதமோ 70 சதவீதத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். பொதுப் பணத்தில் இப்படியொரு பூச்சை வாங்க நினைக்கும் எந்த உள்ளாட்சியும் மூன்று விவரங்களைக் கேட்டு வாங்க வேண்டும்: உள்ளூர் ஈரப்பதத்தில் செய்த சோதனை, வெளியேறும் நைட்ரஜன் டை ஆக்சைடின் அளவு, ஓராண்டு தெருத்தூசி படிந்த பிறகும் மிஞ்சும் திறன். இவற்றைத் தராத நிறுவனத்துக்கு ஒப்பந்தம் தரக் கூடாது.