முன்பக்க யு.எஸ்.பி வேலை செய்யலையா? மாட்டுவதற்கு முன் இதைப் பாருங்க!

கம்ப்யூட்டர் கேபினட்டின் முன்பக்க யு.எஸ்.பி போர்ட் வேலை செய்யவில்லையா? பெரும்பாலும் உள்ளே ஒயர் கழன்றிருக்கும். நீங்களே மாட்டிவிடலாம். ஆனால், அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீடே சாட்சி.

காலேஜ் படித்தபோது வீட்டு கம்ப்யூட்டரை ஒரு பழைய கேபினட்டுக்கு மாற்றினேன். முன்பக்க போர்ட்டிலிருந்து நான்கு ஒயர்கள் தனித்தனியாக வந்தன. குத்துமதிப்பாகச் செருகினேன். தாத்தாவின் சதாபிஷேக போட்டோக்கள் இருந்த பென் டிரைவை அம்மா அதில் போட்டார். தொட முடியாத சூடு. பிறகு அது திறக்கவே இல்லை. 5 வோல்ட் ஒயரையும் கிரவுண்டு ஒயரையும் இடம் மாற்றிப் போட்டிருந்தேன்!

அந்தத் தப்பை நீங்கள் செய்யாமல் இருக்க...

1. கரன்ட்டை நிறுத்துங்கள்: பவர் ஒயரைச் சுவரிலிருந்து கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

2. காலியிடத்தைத் தேடுங்கள்: யு.எஸ்.பி 2.0-க்கான இடத்தில் இரண்டு வரிசையாக 9 பின்கள் இருக்கும். ஒரு மூலையில் மட்டும் பின் இருக்காது. ஒயரின் பிளக்கிலும் ஒரு துளை அடைபட்டிருக்கும். இரண்டையும் நேராக வைத்து அழுத்துங்கள்.

3. எழுத்தைப் படியுங்கள்: ஹெட்போனுக்கான ஆடியோ பின்களும் இதேபோல இருக்கும். அதில் காலியிடம் மூலையில் இல்லாமல் சற்று உள்ளே தள்ளி இருக்கும். சில பழைய மதர்போர்டுகளில் ஃபயர்ஒயர் பின்களுக்கும் இதே அமைப்புதான். அதில் 12 வோல்ட் வரலாம். அதனால், பக்கத்தில் 'யு.எஸ்.பி' என்று அச்சிட்டிருக்கிறதா எனப் பார்த்துவிட்டே மாட்டுங்கள்.

4. தனித்தனி ஒயரா? வழக்கமான வரிசை சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு. காலியிடம் இருக்கும் முனைக்குப் பக்கத்தில் கறுப்பு, எதிர்முனையில் சிவப்பு. சில கேபினட்களில் நிறம் மாறியிருக்கும். ஒயர் நுனியில் அச்சிட்டிருப்பதையும் மதர்போர்டு கையேட்டையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

5. நீல நிற போர்ட்டா? அது யு.எஸ்.பி 3.0. அதன் பிளக் தடிமனானது, 19 பின்கள். மெல்லிய பின்கள் என்பதால் சாய்த்துச் செருகினால் வளைந்துவிடும். பிளக்கில் உள்ள மேட்டை, மதர்போர்டில் உள்ள பள்ளத்துக்கு நேராக வைத்து, நேராக இறக்குங்கள்.

6. முதலில் மவுஸ்: எல்லாம் முடிந்ததும், போனாலும் பரவாயில்லை என்கிற பழைய மவுஸைப் போட்டுப் பாருங்கள். அது வேலை செய்தபிறகே பென் டிரைவ், போன் எல்லாம்.

அந்த விழாவின் பத்துப் பன்னிரண்டு போட்டோக்கள் சித்தப்பாவின் போனில் கிடைத்தன. மற்றவை போனது போனதுதான். இன்றும் அம்மா பென் டிரைவைக் கையில் எடுத்தால், "பின்பக்கமே போட்டுக்கறேன்" என்கிறார். நான் வாயே திறப்பதில்லை.