குளம்புக்கு இரும்பு எதற்கு?

நெடுங்காலம் நிலைத்துவிட்ட வழக்கத்தை ஏன் என்று கேட்பவர் குறைவு. குதிரை என்றதும் இலாடம் நினைவுக்கு வருகிறது. உணவும் நீரும் தருவதைப்போலவே குளம்பில் ஆணியறைந்து இரும்பைப் பொருத்துவதும் குதிரை வளர்ப்பவனின் கடமை என்று பலரும் நம்பிவிட்டனர். அந்நம்பிக்கை பிழையானது. நலமுள்ள குதிரைக்கு இலாடம் தேவையில்லை. பெரும்பாலும் அது வளர்ப்பவனின் வசதிக்காகவே அறையப்படுகிறது.

முதலில் குளம்பின் இயல்பை அறிவோம். குதிரை தன் ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலின் நுனியில் நிற்கிறது. அவ்விரலைச் சூழ்ந்து காக்கும் நகமே குளம்பு. நம் நகம் எப்பொருளால் ஆயிற்றோ, அதே பொருளால்தான் குளம்பின் வெளிச்சுவரும் ஆயிற்று. அச்சுவர் திங்களுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. ஓராண்டுக் காலத்தில் குளம்பு முழுவதும் புதிதாகிவிடுகிறது. தேயத் தேய வளரும் உறுப்பு இது. இதன் அடியில் ஆப்பு வடிவில் மெத்தென்ற பகுதி ஒன்று உண்டு. காலை ஊன்றும்போது குளம்பு சற்றே விரிகிறது. தூக்கும்போது பழைய நிலைக்குத் திரும்புகிறது. இவ்வியக்கம் தரையின் அதிர்ச்சியைத் தாங்குகிறது. காலில் குருதி ஓடவும் துணைசெய்கிறது. விரிந்து சுருங்கவேண்டிய உறுப்பில் விரியாத இரும்பை அறைந்தால் அவ்வியக்கம் குறையாமல் என்ன செய்யும்?

இது நேற்று முளைத்த ஐயமன்று. இலண்டனில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் பிரேசி கிளார்க், 1809இல் தம் ஆய்வை வெளியிட்டார். இலாடம் அறியாத பருவத்திலும் இலாடம் அடித்த பின்வந்த ஆண்டுகளிலும் ஒரே குதிரையின் குளம்பை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். ஆண்டுக்கு ஆண்டு அது குறுகி வந்ததைக் காட்டினார். அவருக்கும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், கி.மு. 4ஆம் நூற்றாண்டில், கிரேக்க வீரர் செனபோன் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். குளம்பை உறுதியாக்க அவர் கூறிய வழி என்ன? கொட்டிலின் முற்றத்தில் உருண்டைக் கற்களைப் பரப்பி அவற்றின்மேல் குதிரையை நிற்கச் செய்யுங்கள் என்பதே. ஆணியறைந்த இலாடம் ஐரோப்பாவில் பரவலானது ஏறத்தாழ 9, 10ஆம் நூற்றாண்டுகளில்தான். அதற்கு முன்னும் போர்கள் நடந்தன; குதிரைகள் ஓடின.

இங்கே தமிழ் வரலாறு கற்றோர் ஒரு தடை எழுப்பக்கூடும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல்வழி இறக்குமதியான குதிரைகள் அங்கே விரைவில் மாண்டன என்றும், இலாடம் அடிப்போரை வணிகர்கள் அங்கு வரவிடவில்லை என்றும் எழுதினாரே, அப்படியானால் இலாடமின்மையால் அன்றோ அவை மாண்டன என்பர். அதே பயணி அக்குதிரைகளுக்கு இறைச்சியோடு சோறு சமைத்துக் கொடுத்ததையும் எழுதியிருக்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வசாபும் இதையொத்த செய்திகளையே தருகிறார்: வறுத்த தானியமும் வெண்ணெய் கலந்த உணவும் காய்ச்சிய பாலும் கொடுத்து, நாற்பது நாள் கொட்டிலில் கட்டிப்போட்டுக் கொழுக்கவைத்தனர், பின்னர்ப் பயிற்சியின்றி ஏறி ஓட்டினர். புல் தின்று நாளெல்லாம் நடந்து திரியும் விலங்கை இப்படி நடத்தினால் அது எப்படிப் பிழைக்கும்? நான்கு கால்களுக்கும் பொன்னால் இலாடம் செய்து அறைந்திருந்தாலும் அவை மாண்டேயிருக்கும்.

"அது பழங்கதை, இன்று கல்லும் தாரும் இட்ட சாலை, இரும்பின்றி இயலுமா?" என்று கேட்பர். இயலும். அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரக் காவல்துறையின் குதிரைகள் இலாடமின்றி நகரத் தெருக்களில் பணியாற்றிக் காட்டியுள்ளன. 2021இல் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் போட்டியில், குதிரையுடன் தடை தாண்டும் குழுப்போட்டியில் சுவீடன் தங்கம் வென்றது. அக்குழுவின் மூன்று குதிரைகளுள் ஆல் இன், கிங் எட்வர்ட் என்னும் இரண்டும் வெறுங்காலுடன் தாண்டியவை. உலகின் உயர்ந்த தடைகளைத் தாண்டிய குளம்புகளைவிட, மாலையில் சிறுவனைச் சுமந்து வட்டமிடும் குதிரையின் குளம்பு மெலிந்ததாமோ?

எனினும் எதிர்த்தரப்பில் உள்ள உண்மையை மறைப்பது அறமன்று. நோயுற்ற குளம்புக்கும் பனிக்கட்டி மூடிய தரைக்கும் வளர்ச்சியை மிஞ்சித் தேயவைக்கும் கடும் உழைப்புக்கும் இரும்பு உதவலாம். அதை மருத்துவர் ஆராய்ந்து முடிவு செய்யட்டும். இன்று இலாடத்தைப் பிடுங்கிவிட்டு நாளையே சரளைக் கல்லில் குதிரையை ஓட்டுபவன், ஆணியறைபவனைவிடக் கொடியவன். வெறுங்கால் வளர்ப்புக்கு உழைப்பு வேண்டும். நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவவேண்டும். பழகும் மாதங்களில் கரடுமுரடான வழிகளுக்குக் கழற்றி மாட்டும் காலுறை வேண்டும். சாணமும் சிறுநீரும் தேங்காத தரை வேண்டும். இனிப்புச்சத்து மிகுந்த தீனியைக் குறைத்து, நாள்தோறும் நடமாட விடவேண்டும்.

இங்கேதான் வாதத்தின் உயிர்நாடி உள்ளது. தவறான தீனியாலும் ஈரக் கொட்டிலாலும் குளம்பு கெடும்போது, வெறுங்கால் குதிரை நடக்கத் தயங்கும். அத்தயக்கம் ஒரு செய்தி. உன் வளர்ப்பில் குறை உள்ளது என்னும் முறையீடு. இலாடம் செய்வது யாது? நொந்த அடியைத் தரையில் படாமல் உயர்த்தி, முறையீட்டை அடக்கிவிடுகிறது. குதிரை மீண்டும் ஓடுகிறது. குறை அப்படியே இருக்கிறது. உரிமையாளன் நிம்மதியாக உறங்குகிறான். நோயைத் தீர்க்காமல் நோயாளியின் வாயைக் கட்டுவதை மருத்துவம் என்போமா?

நம் மக்கள் வழக்கில் 'இலாடம் கட்டுதல்' என்பதன் பொருளை எண்ணிப் பாருங்கள். காவல் நிலையத்தில் ஒருவனின் உள்ளங்காலில் அடித்து வதைப்பதையே அது குறிக்கிறது. மனிதனுக்குச் செய்தால் வதை என்று நம் மொழி அறிந்து வைத்திருக்கும்போது, குதிரைக்குச் செய்தால் மட்டும் அணிகலன் என்று கொள்வது எவ்வாறு பொருந்தும்?

சிங்கப்பூரில் நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் நடைபெற்ற குதிரைப்பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் நாளோடு முடிவுற்றது. ஆயினும் இங்கும் மலேசியாவிலும் குதிரையேற்றப் பள்ளிகள் இயங்குகின்றன. நம் மாணவர்கள் அங்கே செல்கின்றனர். செல்லும் மாணவர்களே, குதிரையின் அழகைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடாதீர்கள். அதன் காலைப் பாருங்கள். இரும்பு இருந்தால், அது எந்த நோய்க்காக, எந்த உழைப்புக்காக அறையப்பட்டது என்று பணிவோடு கேளுங்கள். தக்க காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். "எப்போதும் அப்படித்தான்" என்பது மட்டுமே விடையாக வருமாயின், அது காரணம் ஆகாது என்று சொல்லும் துணிவும் உங்களுக்கு வேண்டும்.