பெயர் பிறகு வரட்டும்; ஊர் முதலில் வேண்டும்!

ஜெயங்கொண்டத்தில் ஐஸ் ஹாக்கி ஆட முடியுமா?

முடியாது! சித்திரை வெயிலில் தார் ரோடே இளகிப் போகும் ஊர் அது. அங்கே ஐஸ் என்றால், சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வரும் குச்சி ஐஸ்தான்.

ஆனாலும், ஐஸ் ஹாக்கி ஆடும் பெண்களின் கதையை ஜெயங்கொண்டத்துத் தாய் தகப்பன்மார் தெரிந்துகொள்ள வேண்டும். காரணம் இருக்கிறது. அந்தப் பெண்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம், முந்திரித் தோப்பு ஓரத்தில் கபடி ஆடும் பெண்ணுக்கும் பொருந்தும்.

அது என்ன பாடம்? விளையாடும் பெண்ணுக்குச் சம்பளம் வேண்டும், பயிற்சி வேண்டும், மைதானம் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், "இவள் எங்கள் பெண்" என்று சொல்ல ஓர் ஊர் வேண்டும். ஊர் இல்லாத ஆட்டம் நிலைப்பதில்லை.

பனிக்கட்டி மேல் ஆட்டம்

ஐஸ் ஹாக்கி குளிர் நாடுகளின் ஆட்டம். தரை முழுவதும் பனிக்கட்டி. காலில் கத்தி போன்ற இரும்பு பதித்த பூட்ஸ். கையில் நுனி வளைந்த மட்டை. பந்து கிடையாது. 3 அங்குல அகலமுள்ள கறுப்பு ரப்பர் வட்டைத்தான் அடித்து விரட்டுகிறார்கள். பக்கத்துக்கு 6 பேர். 20 நிமிடம் வீதம் 3 பகுதிகள் ஆட்டம் நடக்கும்.

நம் நாட்டிலும் இந்த ஆட்டம் உண்டு. லடாக்கில் குளிர்காலத்தில் குளம் உறைந்தால் அதுதான் மைதானம். பனி உருகினால் ஆட்டம் முடிந்தது. வருடத்தில் இரண்டு மாதம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அப்படிப் பழகிய லடாக் பெண்கள் நிறைந்த இந்திய அணி, 2025ஆம் ஆண்டு ஐக்கிய அரபு நாட்டில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வாங்கியது!

இந்த ஆட்டத்தின் தாய்வீடு கனடா. அங்கே கூடப் பெண்கள் நிலைமை நன்றாக இல்லை. 2007ஆம் ஆண்டு கனடாவில் பெண்களுக்கென்று ஒரு லீக் தொடங்கினார்கள். லீக் என்றால் பல அணிகள் ஒன்றோடு ஒன்று மாறி மாறி மோதும் தொடர் போட்டி. 2017 வரை அதில் ஆடிய பெண்களுக்குச் சம்பளமே கிடையாது. பகலில் வேறு வேலை. மாலையில் ஆட்டம். 2019ஆம் ஆண்டு அந்த லீகை மூடிவிட்டார்கள்.

பெண்கள் என்ன செய்தார்கள்? அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை. 200க்கும் மேற்பட்டவர்கள் ஒன்று சேர்ந்தார்கள். ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர்களும் அதில் இருந்தார்கள். "ஒழுங்கான லீக் வரும்வரை ஆட மாட்டோம்" என்று அறிவித்தார்கள். ஆட்டக்காரருக்கு ஒவ்வொரு வருடமும் பொன். அந்தப் பொன்னான வருடங்களை அவர்கள் பணயம் வைத்தார்கள்.

பலன் கிடைத்தது. 2023ஆம் ஆண்டு புதிய லீக் பிறந்தது. அமெரிக்கச் செல்வந்தர் மார்க் வால்டர் பணம் போட்டார். 2024ஆம் ஆண்டு ஜனவரி 1ந் தேதி, டொரன்டோவில் முதல் ஆட்டம் நடந்தது. நியூயார்க் அணி 4 கோல் போட்டு வென்றது. டொரன்டோவால் ஒரு கோலும் போட முடியவில்லை.

சட்டையில் ஊர்ப் பெயர்

இதில் ஒரு வேடிக்கை. அந்த முதல் வருடம் எந்த அணிக்கும் தனிப் பெயர் இல்லை! சிங்கம், புலி, சூறாவளி என்று எதுவும் கிடையாது. டொரன்டோ, மான்ட்ரியல், ஒட்டாவா, பாஸ்டன், நியூயார்க் என்று ஊர்ப் பெயரை மட்டும் சட்டையில் எழுதிக்கொண்டு இறங்கினார்கள். மின்னசோட்டா அணி தன் மாநிலத்தின் பெயரைப் போட்டுக்கொண்டது.

ஜனங்கள் வந்தார்களா? வந்தார்கள்! 2024 ஏப்ரல் 20ந் தேதி மான்ட்ரியலில் நடந்த ஓர் ஆட்டத்தைப் பார்க்க 21,105 பேர் கூடினார்கள். பெண்கள் ஐஸ் ஹாக்கியில் அதுவரை அத்தனை கூட்டம் கூடியதில்லை. அணிக்குப் பெயர் வந்தது அதற்குப் பிறகு, செப்டம்பர் மாதத்தில்தான். பெயர் இல்லாதபோதே ஊர் திரண்டுவிட்டது.

ஒரே ஓர் அணிக்கு மட்டும் கூட்டம் குறைவு. அது நியூயார்க். முதல் ஆட்டத்தில் வென்ற அதே அணிதான்! என்ன காரணம்? முதல் வருடத்தில் அந்த அணி தன் சொந்த ஆட்டங்களை மூன்று வெவ்வேறு அரங்குகளில் ஆடியது. ஒன்று இந்த மாநிலம், இன்னொன்று பக்கத்து மாநிலம் என்று அலைந்தது. ரசிகர்கள் எங்கே போய் உட்காருவார்கள்? வீடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பத்துக்கு அண்டை வீட்டார் ஏது?

வான்கூவர் நகரத்தின் கதை இதற்கு நேர் எதிர். 2025 ஜனவரியில் இரண்டு வெளியூர் அணிகள் அங்கே ஓர் ஆட்டம் ஆடின. வான்கூவருக்குச் சொந்த அணி அப்போது இல்லை. ஆனாலும் 19,000க்கும் அதிகமானவர்கள் டிக்கெட் வாங்கி வந்தார்கள். மூன்று மாதம் கழிந்தது. வான்கூவருக்குச் சொந்த அணி கிடைத்தது! ஊர் முதலில் தன் ஆசையைக் காட்டியது. அணி தேடி வந்தது.

ஊர் இல்லாத ராணிகள்

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

2016ஆம் ஆண்டு, ஆண்களின் புரோ கபடிப் போட்டியோடு சேர்த்து, பெண்களுக்கும் ஒரு கபடிப் போட்டி நடத்தினார்கள். மூன்று அணிகள். ஃபயர் பேர்ட்ஸ், ஐஸ் திவாஸ், ஸ்டார்ம் குவீன்ஸ் என்று பெயர். நெருப்புப் பறவை, புயல் ராணி என்று சொன்னால் காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றில் ஒன்றுக்கும் ஊர் கிடையாது.

இறுதி ஆட்டம் ஐதராபாத்தில் நடந்தது. ஸ்டார்ம் குவீன்ஸ் 24 புள்ளி. ஃபயர் பேர்ட்ஸ் 23 புள்ளி. ஒரே ஒரு புள்ளியில் வெற்றி! இதைவிட விறுவிறுப்பான ஆட்டம் வேண்டுமா? ஆனால் வென்றபோது எந்த ஊரில் பட்டாசு வெடித்தார்கள்? எந்த ஊர் டீக்கடையில் அந்த ஆட்டத்தைப் பேசினார்கள்? சொல்ல ஓர் ஊர் இல்லை. அந்தப் போட்டி மறு வருடம் நடக்கவும் இல்லை.

பணக் கணக்கும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் "எங்கள் அணி எங்கே?" என்று கேட்க ஓர் ஊர் இருந்திருந்தால், அவ்வளவு சுலபமாக அதைக் கைவிட்டிருக்க முடியாது.

பெயர் இருந்து ஊர் இல்லாதது நின்றுபோனது. ஊர் இருந்து பெயர் இல்லாதது தழைத்தது!

ராஞ்சி காட்டிய வழி

2025 ஜனவரியில் ஹாக்கி இந்தியா லீகில் முதல் முறையாகப் பெண்களுக்கும் போட்டி வைத்தார்கள். இது நாம் அறிந்த தரை ஹாக்கிதான். நான்கு அணிகள் ஆடின. உதிதா என்ற வீராங்கனையை வங்காள அணி 32 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. ஹாக்கி ஆடும் பெண்ணுக்கு 32 லட்சம்! மகிழ்ச்சியான செய்தி. குடியரசு தினத்தன்று நடந்த இறுதி ஆட்டத்தில், ஒடிசா அணி 2-1 என்ற கோல் கணக்கில் சூர்மா அணியை வென்று கோப்பையை எடுத்தது.

ஆனால் எல்லா ஆட்டமும் ஒரே ஊரில் நடந்தன. ஜார்க்கண்டின் ராஞ்சிதான் அந்த ஊர். டெல்லி அணி டெல்லியில் ஆடவில்லை. வங்காள அணி வங்காளத்தில் ஆடவில்லை. 2025 டிசம்பரில் தொடங்கிய இரண்டாவது போட்டியும் ராஞ்சியில்தான் நடந்தது.

ராஞ்சியைக் குறை சொல்லக் கூடாது. அந்த மாநிலம் அதற்குத் தகுதி உள்ளது. அங்கே சிம்தேகா என்று ஒரு மாவட்டம். காடும் மலையும் நிறைந்த ஏழை மாவட்டம். அந்த மண்ணில் பிறந்த பெண் சலீமா டேடே. 2024ஆம் ஆண்டு இந்திய அணிக்கே தலைவி ஆனார்! 2021ஆம் ஆண்டு பெண்களுக்கான தேசிய ஜூனியர் போட்டியை அந்தச் சின்ன ஊரிலேயே நடத்தினார்கள். உள்ளூர்ச் சிறுமிகள் நாட்டின் சிறந்த ஆட்டத்தை வேலி ஓரத்தில் நின்று பார்த்தார்கள். பார்த்த கண்ணுக்கு ஆசை வரும். ஆசை வந்த கைக்கு மட்டை வரும்.

தமிழ்நாடு ஏன் இல்லை?

ஆண்கள் லீகில் "தமிழ்நாடு டிராகன்ஸ்" என்ற அணி உண்டு. பெண்கள் லீகில் இரண்டு தடவையும் தமிழ்நாட்டின் பெயரில் அணி இல்லை.

மைதானம் இல்லையா? இருக்கிறது. சென்னை எழும்பூரில் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கம் இருக்கிறது. 2025 கடைசியில் ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 2026 ஜனவரியில் ஆண்கள் லீக் சென்னையில்தான் தொடங்கியது. மைதானம் இருக்கிறது. மின்விளக்கு இருக்கிறது. பெண்களுக்கு மட்டும் அழைப்பு இல்லை!

இதனால் யாருக்கு நஷ்டம்? ஜெயங்கொண்டத்துப் பெண்ணுக்கு நஷ்டம்.

அரியலூர் கார்த்தியைப் பாருங்கள். கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயிற்சி பெற்றார். 2022ஆம் ஆண்டு இந்திய அணியில் இடம் பிடித்தார். 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசியப் போட்டியில், மலேசியாவுக்கு எதிராக முதல் கோலை அடித்தார். அரங்கமே எழுந்து ஆரவாரம் செய்தது. பிறகு தமிழ்நாடு டிராகன்ஸ் அணியில் ஆடினார். அரியலூர் மாவட்டத்துப் பையனுக்கு இப்போது ஒரு பாதை தெரிகிறது.

அதே மாவட்டத்துப் பெண்ணுக்கு? ஜெயங்கொண்டத்துக்கும் கோவில்பட்டிக்கும் சுமார் 300 கிலோ மீட்டர். 13 வயதுப் பையனை அனுப்பவே பெற்றோர் தயங்குவார்கள். பெண்ணை அனுப்ப எத்தனை பேருக்கு மனம் வரும்? "இருட்டிய பிறகு யார் துணைக்கு வருவார்கள்? போய்ச் சேர்ந்தால் என்ன எதிர்காலம்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளில் தவறு இல்லை. பெற்ற வயிற்றின் கவலை அது. அந்தக் கவலைக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசாங்கமும் விளையாட்டுச் சங்கங்களும்தான்.

பதில் இதுதான்: தமிழ்நாட்டுக்குப் பெண்கள் ஹாக்கி அணி வேண்டும். அந்த அணியின் சில ஆட்டங்களாவது சென்னையிலும் மதுரையிலும் நடக்க வேண்டும். வருடத்தில் ஒரு நாளாவது அந்த வீராங்கனைகள் திருச்சிக்கும் அரியலூருக்கும் வந்து, பள்ளிக்கூடப் பெண்களோடு மட்டை பிடித்து ஆட வேண்டும். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் மாவட்டந்தோறும் நடக்கின்றன. அங்கே ஆடும் பெண்ணுக்கு, அடுத்த படி எங்கே இருக்கிறது என்று கண்ணில் காட்ட வேண்டும்.

இதற்குச் செலவு ஆகும். லாபம் உடனே வராது. குளிர் நாட்டு லீகிலும் முதலில் ஒருவர் பணம் போட்டார். ஜனங்கள் பிறகு வந்தார்கள். ஆண்கள் அணிக்குப் பணம் கிடைக்கும் மாநிலத்தில், பெண்கள் அணிக்கு மட்டும் கிடைக்காது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஊரின் கடமை

அரசாங்கத்தை மட்டும் சொல்லிப் பயன் இல்லை. ஊருக்கும் கடமை உண்டு.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டி நடந்தது. பெண்கள் கபடியில் இந்தியா தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய சென்னைப் பெண்ணைத் தமிழ்நாடு எப்படி அழைக்கிறது? "கண்ணகி நகர் கார்த்திகா" என்று அழைக்கிறது! அந்தப் பகுதியின் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்று அதே பெயரை மரியாதையோடு சொல்கிறார்கள். ஊர் அவருக்குப் பெயர் தந்தது. அவர் ஊருக்குப் பெருமை தந்தார்.

ஜெயங்கொண்டம் என்ற பெயரின் பொருளே வெற்றி கொண்டது என்பதுதான். பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரம் நிற்கிறது. ராஜேந்திர சோழனின் படை வென்றது எங்கோ கங்கைக் கரையில். ஆனால் அந்த வெற்றிக்கு அவன் இந்த மண்ணில் ஓர் ஊரையே கட்டினான். ஆயிரம் வருடம் ஆகியும் வெற்றி மறக்கவில்லை. காரணம், அதற்கு ஓர் ஊர் இருக்கிறது!

மான்ட்ரியல்காரர்கள் செய்ததும் வான்கூவர்காரர்கள் செய்ததும் பெரிய வித்தை அல்ல. பெண்கள் ஆடியபோது போய் உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான்.

அடுத்த முறை பள்ளிக்கூட மைதானத்தில் பெண் பிள்ளைகளின் ஆட்டம் நடந்தால், அப்பா அம்மா இருவரும் போகட்டும். பாட்டியையும் அழைத்துக்கொண்டு போகட்டும். மகள் ஆடாவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஆடுவாள். அவள் பெயரைச் சொல்லிக் கை தட்டட்டும். கூட்டம் கூடும் ஊரைத் தேடி ஒரு நாள் அணி வரும். கூட்டமே இல்லாத ஊருக்கு யார் வருவார்கள்?