பெயர் சொல்லாத சட்டம்

மயிலாப்பூரில் அமைந்துள்ள தமிழகக் காவல்துறைத் தலைமையகத்திற்கு 2022இல் ஒரு புது நடத்தை விதி வந்து சேர்ந்தது. தன்பாலின ஈர்ப்பாளரையும் திருநங்கையரையும் காவலர் எவரும் துன்புறுத்தலாகாது என்பது அவ்விதி. 2021இல் சென்னை உயர்நீதிமன்ற நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த ஆணையின் விளைவு அது. காவலரின் கையைக் கட்டியாயிற்று; கும்பலின் கையை?

2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2)ஆம் பிரிவு, இனம், சாதி, பால், மொழி முதலிய காரணங்களால் ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடிக் கொலை புரிந்தால் தூக்கு அல்லது ஆயுள் தண்டனை என்கிறது. அப்பட்டியலில் பாலின ஈர்ப்பு இல்லை. மதம் என்னும் சொல்லும் இல்லை! இரண்டும் அவைபோன்ற பிற காரணங்கள் என்னும் நிழலில் ஒதுங்கி நிற்கின்றன.

மதத்தைப் பெயர் சொல்லிச் சேர்க்கக் கோரும் நாம், அடுத்தவரைச் சேர்க்காதே என்று எந்த நாவால் உரைப்போம்? ‘மார்க்கம் விலக்கிய செயலாயிற்றே’ என்பர் சிலர். விலக்கியதே, அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், குற்றவாளியே ஆனாலும் அவர்மீது தெருக்கூட்டம் கைவைக்கலாகாது என்பது ஃபிக்ஹின் பாலபாடமன்றோ? வைத்தால் அது ளுல்மு, பெருங்கொடுமை.

செயலை வெறுப்பது வேறு. உயிரைப் பறிப்பது வேறு. ஆகவே இரு சொற்களும் சட்டத்தில் ஏறுக! பிறருக்குக் குடை மறுப்போர், தம் தலை நனையும்போது யாரை நோவர்?