தியாகத்தின் மறுபெயர் தினசரி வேலை



மறைப்பணியாளர் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது என்ன? கப்பலேறிக் கடல் கடந்து வரும் ஒரு துறவி, தென்னை மரங்கள் அசைந்தாடும் ஒரு தீவு, இறுதியில் ஒரு வீர மரணம். மறைக்கல்வி வகுப்பிலும் பேச்சுப் போட்டி மேடையிலும் மொலோக்காய் தீவின் தந்தை தமியானைப் பற்றி இப்படித்தான் பேசுகிறோம். "தொழுநோயாளருக்குத் தொண்டு செய்தார், அந்நோய் தொற்றி மாண்டார்" என்று இரண்டே வாக்கியங்களில் கதையை முடித்துக் கைதட்டலும் வாங்கி விடுகிறோம். ஆனால் அவ்விரு வாக்கியங்களுக்கும் நடுவே ஏறக்குறைய 16 ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் அவர் தினமும் என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது அவருக்கும் நியாயமன்று; தொழுநோயாளருக்கும் நியாயமன்று. இதுவே என் தாழ்மையான கருத்து.

மொலோக்காய், பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளுள் ஒன்று. அதன் வடகரையில் கலாவ்பாப்பா என்னும் சிறிய நிலமுனை கடலுக்குள் நீண்டிருக்கிறது. மூன்று பக்கம் அலைகடல். நான்காம் பக்கம் சுமார் 2000 அடி உயரச் செங்குத்து மலை. இயற்கையே கட்டிய சிறைச்சாலை! 1865-ஆம் ஆண்டு ஹவாய் அரசு ஒரு சட்டம் இயற்றி, தொழுநோயாளரைப் பிடித்து இங்கே அனுப்பத் தொடங்கியது. 1866-இல் முதல் நோயாளர் வந்து இறங்கினர். அச்சட்டம் நீங்கிய 1969 வரை ஏறக்குறைய 8000 பேர் இப்படித் தாய், தந்தை, பிள்ளைகளை விட்டுப் பிரிக்கப்பட்டார்கள்.

1873-இல் அங்கே ஒரு குரு தேவை என்று ஆயர் மெக்ரே கூறியபோது, முறைவைத்துச் சென்று வர நான்கு குருக்கள் தாமாகவே முன்வந்தார்கள். முதல் முறை பெல்ஜியம் நாட்டவரான தமியானுக்கு வாய்த்தது. வயது 33. அவர் அங்கேயே நிலையாகத் தங்கிவிட்டார். தங்க வீடு இல்லாததால் முதல் இரவுகளில் ஒரு தாழை மரத்தின் அடியில் படுத்தார்.

அவருடைய ஒரு நாளைச் சற்று எண்ணிப் பாருங்கள். காலையில் செபமும் திருப்பலியும். பின்பு குடிசை குடிசையாகச் செல்வார். புண்களைக் கழுவிக் கட்டுவார். துர்நாற்றத்தைச் சமாளிக்கப் புகைக்குழாய் பிடிக்கக் கற்றுக்கொண்டாராம். அதன்பின் கையில் ரம்பமும் சுத்தியலும்! வீடு கட்டினார், ஆலயத்தைப் பெரிதாக்கினார், மலைப் பள்ளத்தாக்கிலிருந்து குழாய் பதித்துக் குடிநீர் கொண்டுவர உழைத்தார், அநாதைச் சிறுவர் சிறுமியருக்கு இல்லம் அமைத்தார். பாடகர் குழுவும் வாத்தியக் குழுவும் சேர்த்தார். இறந்தவர்களுக்குத் தம் கையாலேயே சவப்பெட்டி செய்தார், குழியும் தோண்டினார். மறுநாள் விடிந்தால் மீண்டும் அதே புண்கள், அதே பலகைகள், அதே மண்வெட்டி. பிரசங்கம் செய்வது அவருடைய நாளில் ஒரு சிறு பகுதிதான்.

1889-இல் தமியான் இறந்தபோது வயது 49. 2009-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 1883-இல் ஹவாய்க்குத் தாதியர் வேண்டுமென்று கேட்டு அனுப்பிய கடிதத்தை 50-க்கும் மேற்பட்ட துறவற சபைகள் ஏற்கவில்லை. ஏற்று வந்தவர் அமெரிக்காவின் சிரக்யூஸ் நகர பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த அன்னை மரியான் கோப். 1888 நவம்பரில் அவர் இரு சகோதரிகளுடன் கலாவ்பாப்பா வந்து, பெண்கள் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். அவருடைய நாளும் வேலையால் நிறைந்ததே. புண்ணுக்குக் கட்டுப் போடுவது, துணி துவைப்பது, மரக்கன்று நடுவது, பெண்களுக்குத் தையல் கற்பிப்பது! நோயுற்ற பெண்ணுக்கும் நல்ல உடை உடுத்த ஆசை இருக்கும் என்பதை அந்த அன்னை அறிந்திருந்தார். கைகளை நன்றாகக் கழுவ வேண்டும் என்பதில் மிகவும் கண்டிப்பாக இருந்தார். 30 ஆண்டுகள் அங்கேயே தொண்டாற்றி, 1918-இல் தம் 80-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவருக்கும் அவருடன் வந்த சகோதரிகளுக்கும் தொழுநோய் தொற்றவேயில்லை. அவரும் 2012-இல் புனிதரானார். அப்படியிருக்க, அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நோயால் சாகாததால் அவர் கதை சிறியதாகி விட்டதா?

இன்னொருவர் ஜோசப் டட்டன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணிபுரிந்தவர். குருவும் அல்லர், வார்த்தைப்பாடு கொடுத்த துறவியும் அல்லர். 1886-இல் சம்பளம் எதுவும் வேண்டாமென்று வந்து தமியானுடன் சேர்ந்துகொண்டார். தமியானுக்குப்பின் சிறுவர் இல்லத்தைக் கவனித்தார். 1931-இல் இறக்கும் வரை 44 ஆண்டுகள் மொலோக்காய்க்கே உழைத்தார். அவரையும் நோய் தொடவில்லை. 1908-இல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், தம் போர்க்கப்பல்களை அத்தீவின் அருகே அணிவகுத்துச் செல்லச் செய்து அவருக்கு மரியாதை செலுத்தினார். சாதாரண மனிதர் ஒருவர் தினமும் புண் கட்டியதற்குக் கிடைத்த மரியாதை அது!

இவர்களுக்கும் முன்பே அங்கே தொண்டு செய்தவர்களை நாம் மறக்கலாகாது. நோயுற்ற கணவனோடு மனைவியும், மனைவியோடு கணவனும், பிள்ளையோடு தாயும், நோயில்லாமலேயே தாமாக அத்தீவுக்குச் சென்று பணிவிடை செய்தார்கள். ஹவாய் மொழியில் அவர்களைக் 'கோகுவா', அதாவது துணை செய்பவர், என்று அழைத்தார்கள். மொர்மோன் சபையைச் சேர்ந்த ஜொனத்தான் நாபேலா என்பவர் 1873-இல் தம் மனைவியுடன் அவ்வாறு சென்றார். தமியானுக்கு நண்பரும் ஆனார். தொண்டு ஒரே சபைக்கு மட்டும் சொந்தமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

"மரணம்தானே தியாகத்தின் சிகரம்? நம் ஆண்டவரே சிலுவையில் உயிர் கொடுத்தாரல்லவா?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். தமியானின் மரணத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஆண்டவர் சிலுவையைச் சுமப்பதற்கு முன் நாசரேத்தில் பல ஆண்டுகள் தச்சுவேலை செய்தார் என்பதும் உண்மைதானே? தமியான் சாவதற்காக மொலோக்காய் செல்லவில்லை. கைவிடப்பட்டவர்களோடு வாழ்வதற்காகச் சென்றார்.

மரணத்தை மட்டுமே சொல்வதில் ஒரு பெரிய தீமையும் இருக்கிறது. கேட்பவர் மனத்தில், "தொழுநோயாளியைத் தொட்டால் சாவு நிச்சயம்" என்ற அச்சமே தங்கிவிடுகிறது. தமியான் தீவில் இறங்கிய அதே 1873-இல்தான் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் இந்நோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். அன்று மருந்து இல்லை, இன்று இருக்கிறது. 6 மாதம் அல்லது 12 மாதம் கூட்டு மருந்து உட்கொண்டால் தொழுநோய் முற்றிலும் குணமாகும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். பெரும்பாலோருக்கு இந்நோயை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு. ஆயினும் உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர் நம் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். அச்சத்தாலும் வெட்கத்தாலும் தேமலை மறைத்து, காலந்தாழ்த்தி வருபவர்களே விரல்களை இழக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். துணைவருக்குத் தொழுநோய் என்று காட்டி மணமுறிவு கேட்க நம் நாட்டுச் சட்டம் 2019 வரை இடம் கொடுத்தது. கிறிஸ்தவர்களுக்கான சட்டமும் அதற்கு விலக்கல்ல. கணவனோடு தீவுக்குப் போன அந்த ஹவாய்ப் பெண்களை நினைத்தால் நமக்கு வெட்கமாக இல்லையா? பழைய வேதாகமத்தில் 'குஷ்டரோகி' என்றிருந்த சொல் புதிய மொழிபெயர்ப்பில் 'தொழுநோயாளர்' என்று மாறியிருக்கிறது. ஏட்டில் மாறியது நம் நாவிலும் மாற வேண்டும். விளையாட்டுக்கும்கூட அப்பழைய சொல்லை வசவாகப் பயன்படுத்தலாகாது.

தோழியரே, நம்மில் யாரோ ஒருத்தி நாளை துறவியாகலாம், மற்றொருத்தி தாதியாகலாம், பலர் இல்லத்தரசிகளாகலாம். எல்லோருக்கும் மொலோக்காய் செல்லும் வாய்ப்புக் கிடைக்காது. ஆனால் படுக்கையில் கிடக்கும் பாட்டியின் முதுகுப் புண்ணைத் துடைத்து மருந்திடும் வாய்ப்பு பலர் வீட்டில் இருக்கிறது. முதல் நாள் அதைச் செய்வது எளிது. இருநூறாம் நாளும் முகம் சுளிக்காமல் செய்வதுதான் மறைப்பணி. அடுத்த முறை மேடையேறி தந்தை தமியானைப் பற்றிப் பேசும் தங்கையே, அவர் எப்படி இறந்தார் என்பதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடு. அவர் எப்படி வாழ்ந்தார் என்பதற்கு மீதி நான்கு நிமிடத்தையும் கொடு!

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு